வேலாயி சமைக்கப் பழகினாள்

வீரப்பனைக் கல்யாணம் செய்துகொண்டு மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த மறுவாரமே, அவன் தன் அக்கா வேலாயியை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவதைச் சுசீலா பார்த்தாள். வேலாயிக்கு இருபத்தாறு வயது. புத்தி மட்டும் ஆறு வயதோடு நின்றுவிட்டது என்பார்கள்.

"வெளிய விட்டா எங்கயாவது போயிடும். ஊரடங்கு நேரத்துல ஆர்மிக்காரன் சுட்டான்னா யாரு கேக்குறது?" என்றான் வீரப்பன்.

சுசீலாவுக்கு வயது பத்தொன்பது. பால்வெட்டு முடிந்து திரும்பியதும் பூட்டைத் திறந்து, வேலாயியை அடுப்படியில் உட்கார வைப்பாள். டின்னில் அரிசி அளக்க, உலை வைக்க, கஞ்சி வடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் ஆனது. குழாயடிக்குத் தனியாகப் போய்வரவும், தீட்டுத் துணியைத் தானே துவைக்கவும் பழக்கினாள். ஒரு தடவை வேலாயி கோபத்தில் சட்டியைத் தூக்கி எறிந்தாள். சுசீலா அதை எடுத்துக் கழுவி, "மறுபடியும் வைங்க அண்ணி" என்றாள்.

வீரப்பன் பூட்டுப் போடுவதை விட்டான். கல்யாணமாகி ஐந்தாம் மாதம் ஒரு மதியம் அவர்கள் வேலை முடிந்து வந்தபோது, வேலாயி சோறு வடித்துக் கருவாடு சுட்டு வைத்திருந்தாள். இருவரும் சாப்பிடுவதைக் கதவருகே நின்று பார்த்தாள். வீரப்பன் இரண்டாம் தடவை சோறு வாங்கினான். சுசீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகாமலிருக்க, அந்த மாதமே தொழிலாளர் லயங்களை அரசாங்கம் முள்வேலிக்குள் மாற்றியது. குடும்பத்துக்கு ஓர் அறைதான். சுசீலா அப்போது முழுகாமல் இருந்தாள். ஒருநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது வேலாயியைக் காணவில்லை.

"ஜாசின் டவுன்ல துணிக்கடை கணேசமூர்த்தி வீட்ல சமைக்க ஆள் கேட்டாங்க. கொண்டுபோய் விட்டேன்," என்றான் வீரப்பன்.

"என்னக் கேக்காமயா?"

"என்னத்தக் கேக்குறது? எல்லா வேலையும் நீதான பழக்குன. இங்க படுக்க எடம் இல்ல லா."

மறுவாரம் சுசீலா பஸ் ஏறினாள். பத்துப் பேர் சாப்பிடும் வீடு அது. பெரிய அண்டாவின் முன்னால் வேலாயி நின்றிருந்தாள். அவளுடைய முழங்கை வெந்து தோல் உரிந்திருந்தது.

"சொன்னதச் செய்யுது, எதுத்துப் பேசாது. நல்லா பழக்கி விட்டிருக்கீங்க," என்றாள் கணேசமூர்த்தியின் மனைவி.

"கைக்கு மருந்து போடலீங்களா?"

"வலிக்குதுன்னு சொல்லவே இல்லியே."

சுசீலா வேலாயியின் கையைப் பிடித்தாள். "வாங்க அண்ணி, வீட்டுக்குப் போகலாம்."

"அவ அடையாளக் கார்டு எங்ககிட்ட இருக்கு. தம்பிதான குடுத்தாரு. அவரு வந்து கேக்கட்டும்," என்றாள் அந்த அம்மா.

வந்த வழியில் இரண்டு இடத்தில் ஆர்மிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி அடையாளக் கார்டு பார்த்திருந்தார்கள். கார்டு இல்லாத ஒருவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதையும் சுசீலா பார்த்திருந்தாள். அவள் தயங்கி நிற்கையில், "சோறு கொழஞ்சிடும்" என்று வேலாயி கையை உருவிக்கொண்டாள்.

வீரப்பன் போய்க் கேட்கவில்லை. "புண்ணு ஆறிடும்" என்றான். சுசீலா தினமும் சண்டை போட்டாள். பிறகு அவனோடு பேசுவதையே நிறுத்தினாள்.

பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் அவள் மறுபடியும் ஜாசினுக்குப் போனாள். அடுப்படியில் வேறொருத்தி இருந்தாள்.

"வேலாயியா? மலாக்காவுல எங்க சொந்தக்காரங்க கேட்டாங்க, அனுப்பிட்டோம்," என்றாள் கணேசமூர்த்தியின் மனைவி.

சுசீலா விலாசம் கேட்டாள். முதலாளி வந்ததும் சொல்வதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனாள். முதலாளி வரவில்லை. சுசீலா கைப்பிள்ளையோடு கடைசி பஸ் வரும்வரை வாசலில் நின்றாள்.