பருத்திக்கொட்டைக் கணக்கு

"இந்த அண்டா விளிம்பு நெளிஞ்சிருக்கே" என்று ஞானதுரை கேட்டதற்கு மாப்பிள்ளையின் அம்மா பரிபூரணம் அசரவில்லை.

"வரும்போதே நெளிசல்தான், பொண்ணு மாதிரி" என்றாள்.

மடவார் வளாகத்தில் தவசிமுத்துவின் வீட்டு முற்றம் முழுக்க டெம்போவிலிருந்து இறக்கிய சீர்ப் பாத்திரங்கள் கிடந்தன. கல்யாணத்தைத் தீர்த்துவிடுவதென்றால் அவர்கள் வழக்கத்தில் கொடுத்த சாமானைக் கொடுத்தபடியே திருப்ப வேண்டும். கெட்டுப்போயிருந்தால் கெடுத்த வீடு ஈடு கட்ட வேண்டும். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத்தான் இரண்டு வீட்டுக்கும் உறவான ஞானதுரை வந்திருந்தார். பரிபூரணம் பாத்திரத்தைக் கொண்டுவந்தாள், நகையைக் கொண்டுவரவில்லை. சீக்கை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டவர்களுக்கு நகை ஒரு கேடா என்பது அவள் வாதம்.

தவசிமுத்துவின் மூத்த மகள் செல்லக்கனி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அவளுக்குத் தலைவலி கூடக் கிடையாது. மூன்றாம் வருஷம்தான் உடம்பு கரையத் தொடங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். மாமியார் பரிபூரணம் காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தாள். நினைவு தப்பி விழுந்த பிறகுதான் மதுரை ஆஸ்பத்திரி. சர்க்கரை, ஆயுசுக்கும் ஊசி என்று டாக்டரம்மா சொன்ன வாரமே பிறந்த வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். புருஷன் வைகுண்டராஜ் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு வ. புதுப்பட்டியில் வேறு பெண்ணும் பேசி முடித்தாயிற்று.

அதெல்லாம்கூட அவளுக்கு ஆறியிருக்கும். ஆனால் "மறைச்சுக் கட்டிவச்ச வீடு" என்று பரிபூரணம் ஊரெல்லாம் பரப்பியதில், தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். அப்பா கடையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பரிபூரணத்தின் வாயை அடைக்காமல் ஓயக்கூடாது என்று செல்லக்கனி மனதில் கறுவிக்கொண்டாள்.

அதனால்தான் மதுரைக்குப் போய், இந்தச் சீக்கு எப்போது வந்ததென்று ரத்தத்தில் தெரியுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டாள். அவர் ரத்தம் எடுத்து ஐஸில் வைத்து மெட்ராசுக்கு அனுப்பினார். முடிவு வந்துவிட்டது. செல்லக்கனி முற்றத்தில் இறங்கி அந்தக் காகிதத்தை ஞானதுரையிடம் நீட்டினாள். அவர் 'சி-பெப்டைட்' என்று எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு விழித்தார். செல்லக்கனி மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள்.

"அத்தை, உங்க ஜின்னிங் பாக்டரில பருத்தி அரைச்சா பஞ்சு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் விழுதுலா? உடம்பு இன்சுலின் செய்யும்போதும் அப்படி ஒரு துணுக்கு ரத்தத்துல விழுதாம், அதுக்குத்தான் இந்தப் பேரு. ஊசில ஏத்துறது கடைப்பஞ்சு, அதுல கொட்டை கிடையாது. என் ரத்தத்துல இன்னும் கொட்டை கிடக்கு. உள்ள மிசினு முழுசா நிக்கல. பழைய சீக்குன்னா அது எப்பவோ நின்னிருக்கும்."

டாக்டரம்மா தேதி குறித்துக் கொடுக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் கண்டதையும் உடம்பு இளைத்த வேகத்தையும் வைத்து, இது கல்யாணத்துக்குப் பிந்திய நோய்தான் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஞானதுரை அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். பருத்தியிலேயே பிழைக்கும் பரிபூரணத்துக்குக் கொட்டைக் கணக்கு விளங்காமல் போகுமா? முகம் கறுத்துவிட்டது. நகை கைவிட்டுப் போகிறதென்று தெரிந்ததும் பேச்சை மாற்றினாள்.

"சரி, எங்க வீட்டுலயே வந்ததா இருக்கட்டும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"நான் வரல" என்றாள் செல்லக்கனி. "பெரியப்பா, அண்டாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? எங்க ஐயா நல்லபடியாத்தான் குடுத்தாவ. கெடுத்த வீடு ஈடு கட்டட்டும்."

ஊர் ஊராகப் போய் இதே வழக்கத்தைச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தவர் ஞானதுரை. இங்கேயும் அதையே சொல்லி, ஈடு கட்டச் சொன்னார். நகை முழுவதும் திரும்பி வந்தது. மறைக்கவில்லை என்று பரிபூரணம் தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. தவசிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்லக்கனிக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வ. புதுப்பட்டிப் பெண்ணின் தகப்பனார் வந்தார். சீக்கு அந்த வீட்டில்தான் வந்ததாம் என்ற பேச்சு அதற்குள் அவர் ஊர்வரை போயிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல், "நெசமா தாயி? அந்த வீட்டுக்குப் போனா வந்துருமா?" என்று கேட்டார்.

இது ஒட்டும் நோயில்லை, வீட்டாலும் வராது, மனுஷராலும் வராது, உடம்பு தன்னைத்தானே அழித்துக்கொள்வதால் வருவது என்று டாக்டரம்மா அவளுக்கு விளக்கியே சொல்லியிருந்தார். தவசிமுத்துவும் பக்கத்தில் நின்று கேட்டவர்தான். இப்போது அவர் மகளின் முகத்தையே பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சத சொல்லுதேன்" என்றாள் செல்லக்கனி. "அந்த வீட்டுக்குப் போகும்போது எனக்கு இல்ல. ரத்தத்துலயே அப்படித்தான் இருக்கு."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தச் சம்பந்தம் அன்றோடு முறிந்தது. அதற்குப் பிறகு பரிபூரணம் மகனுக்குப் பெண் கேட்டுப் படியேறிய வீட்டிலெல்லாம், சாதகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைத்தான் கேட்டார்கள்: மாப்பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சா?