வண்டியில் மிச்சம் யார்?

1

இந்தக் கதை ஒரு காதிலிருந்து பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வியன்னாத் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம். பிரபு ஒருவரும் அவர் காதலியும் முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அவர்களுக்குப் பின்னால் தட்டேந்தி நின்ற பரிசாரகரின் இடது காதுதான் கண்ணில் பட்டது. முத்தம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. காது பொறுமையாக இருந்தது. அந்தப் பொறுமைக்காகவே எழுத உட்கார்ந்தேன். காது ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. பேர், மனைவி, மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

காதுக்குரியவருக்கு ஒரு பேர் வைத்து முதலில் எழுதிய தொடக்கம் இது:

"தான்யூப் நதியின் மேல் பொன்னந்தி கவிந்தபோது, இக்னாஸ் போகோர்னியின் நெஞ்சில் கலையின் அக்னி—"

நிறுத்திவிட்டேன். அவர் நெஞ்சில் இருந்தது அக்னி அல்ல, எரிச்சல். மதியம் தின்ற பன்றி வறுவலின் உபயம்.

2

போகோர்னியைக்* கதாநாயகனாக்குவது லேசில்லை. "அவர் அறைக்குள் நுழைந்தார்" என்று எழுதினால், நுழையாமல் கதவைப் பிடித்துக்கொண்டு வேறு யாருக்கோ வழிவிடுகிறார். பழக்க தோஷம். சினிமாவில் அவர் வண்டிக்காரர், பரிசாரகர், தபால்காரர், மறுபடியும் பரிசாரகர். வசனம் இருந்தால் ஒரே வசனம்: "வண்டி தயார், பிரபு." பிரபு காதலியோடு ஏறிப் போய்விடுவார். போகோர்னி தூசியோடு நிற்பார்.

(* செக் மொழியில் இந்தப் பேருக்குப் 'பணிவானவர்' என்று பொருளாம். பேர் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நீங்கள் கவனிக்காத மாதிரி இருந்துவிடுங்கள்.)

ஆனால் மாலை நேரத்து நாடக அரங்கில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. ஒப்பெரெட்டா என்கிற பாட்டு நாடகத்தில் மூன்றாம் அங்கம் வரும்போது பாடகர்களுக்கு மூச்சு வாங்கும். அவர்கள் தண்ணீர் குடிக்கட்டும் என்று, பாடத் தெரியாத நகைச்சுவை நடிகர் ஒருவர் வந்து மனம்போனபடி பேசுவார். ஆசிரியர் எழுதித் தரமாட்டார், இயக்குநர் கேட்கமாட்டார். நடிகர்கள் வசனம் மறந்தால் அடியெடுத்துக் கொடுக்கும் அம்மாளின் பிரதியில் அந்தப் பக்கம் வெற்றுத்தாள். நடுவில் பென்சிலில் ஒரு வரி:

[இங்கே போகோர்னி பேசுவார்.]

3

என்ன பேசுவார்? எல்லைப்புறக் குட்டி ரயில் நிலையத்தின் கொடி காட்டுகிற ஆள் அவர். துணியில் வரைந்த ரயில் வந்து நிற்கும். பெட்டிக் கதவைத் திறந்து கூவுவார்:

"அரசவை ஆலோசகர் ஐயா, இறங்குங்க! வணிக ஆலோசகர் ஐயா, படி இருக்கு, பாத்து! மேல்நிலை ஆலோசகர் ஐயா, குடைய விட்டுட்டுப் போறீங்க!"

பேரரசர் போய் நாற்பது வருஷமாகியும், பேருக்கு முன்னால் அரசவை ஆலோசகர் என்று பட்டம் போட்டுக்கொள்பவர்களுக்குக் குறைவில்லாத ஊர் அன்றைய வியன்னா. அரங்கம் குலுங்கும். பிறகு குரலைத் தாழ்த்துவார்.

"பட்டமெல்லாம் இறங்கியாச்சு. உள்ள மனுஷங்க யாராச்சும் மிச்சம் இருந்தா, நீங்களும் இறங்கலாம்."

உள்ளே எட்டிப் பார்ப்பார். நிதானமாகக் கதவைச் சாத்துவார். "ஒருத்தருமில்ல. வண்டி போகலாம்!"

இந்த இடத்துக்காகவே ஆலோசகர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரரைத்தான் சொல்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் நிச்சயம்.

4

அந்தப் போகோர்னிக்கு அரசாங்கம் பட்டம் தரப்போகிறது. 'பேராசிரியர்'. அவர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. இந்தப் பட்டத்துக்கு அது தடையும் இல்லை. நாடகம் முடிந்ததும் மேடையிலேயே அமைச்சர் கையால்.

செய்தி சொல்ல அமைச்சக அதிகாரி ஒருவர் காபிக் கடைக்கு வந்தார். கேக்கை முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அந்த ரயில் வசனம், போகோர்னி சார்... நான் ஒண்ணும் தடை போடல. அமைச்சர் முன்வரிசையில இருப்பாரு, அவ்ளோதான்."

"சொன்னா?"

"பட்டம் வேற யாருக்காவது தேவைப்படலாம். உச்சக்குரல்ல பாடுற அந்த டெனர் பாடகர் அதுக்காகவே ரொம்ப நாளா இருமிட்டிருக்காரு."

5

இங்கே மனைவி ஹெர்மினேயைப் பட்டப்பித்துப் பிடித்தவளாக எழுதுவதாகத் திட்டம். எழுதியும் பார்த்தேன்: "ஹெர்மினேயின் கண்களில் பேராசை மின்ன—" பேராசை மின்னவில்லை. அவள் சமையலறையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற ஜோக்கே இல்லையா உன்கிட்ட?"

"இருக்கு. மாமியார் ஜோக்."

"எங்கம்மாவ இழுக்காத."

"பாத்தியா? எதச் சொன்னாலும் யாருக்காச்சும் சுருக்குன்னு இருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கறிக்கடைக்காரன் கீழ்வீட்டு ஆலோசகரோட விதவைகிட்ட 'ஆலோசகரம்மாவுக்கு என்ன வேணும்?'னு கேப்பான். என் முறை வந்தா 'உங்களுக்கு?' அவ்ளோதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் வெறும் 'உங்களுக்கு'. பட்டச் சேதி அவன் காதுலயும் விழுந்திருக்கு, நேத்து என்ன கேட்டான் தெரியுமா? 'பேராசிரியரம்மாவுக்கு இன்னும் மெல்லிசா வெட்டவா?' இக்னாஸ், கூடக் கால் கிலோ வாங்கிட்டேன்."

"அதான் நேத்துலேர்ந்து மூணு வேளையும் பன்னித்தொடையா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அந்த ஜோக்க மொதல்ல உன்கிட்டதான் சொன்னேன். சூப் குடிச்சிட்டிருந்த. சிரிச்ச சிரிப்புல மூக்கு வழியா வந்துச்சு."

"ஞாபகம் இருக்கு. மேசவிரிப்பே பாழாப் போச்சு." ரொட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "அப்ப நமக்கும் ஒரு பட்டம் வரும்னு யார் கண்டா?"

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: வசனத்தை விழுங்கிவிடுகிறார். பட்டம் கிடைக்கிறது. ஹெர்மினே கறிக்கடையில் தலை நிமிர்கிறாள். மறுநாள் மேடையில் பெட்டிக் கதவைத் திறக்கப் போகும்போது, முதலில் இறங்கவேண்டிய ஆள் தானே என்பது அவருக்கு உறைக்கிறது. கதவு அதன்பின் திறக்கவேயில்லை.

இன்னொன்று: சொல்லிவிடுகிறார். பட்டம் டெனர் பாடகருக்குப் போகிறது, அவர் இருமல் நிற்கிறது. கறிக்கடைக்காரர் மறுநாள் கேட்கிறார்: "உங்களுக்கு?"

மூன்றாவதில், "மனுஷங்க யாராச்சும் மிச்சம் இருந்தா" என்றதும் முன்வரிசையிலிருந்து ஹெர்மினே எழுந்து, "இதோ, நான் இறங்குறேன்!" என்கிறாள். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆகவே அடித்துவிட்டேன். அது போகோர்னி தட்டேந்தி நின்ற படங்களின் முடிவு.

7

விழா மாலை. துணி ரயில் வந்து நிற்கிறது. போகோர்னி கதவைத் திறக்கிறார். அரசவை இறங்கியாயிற்று, வணிகம் இறங்கியாயிற்று, மேல்நிலை குடையோடு இறங்கியாயிற்று. அமைச்சர் இதுவரை சிரிக்கிறார். அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். அடியெடுத்துக் கொடுக்கும் அம்மாள் மேடை முகப்பில் தனக்கான குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கிறாள். அவளிடம் கொடுக்க அடி இல்லை, என்னிடமும் இல்லை.

போகோர்னி முன்வரிசையைப் பார்க்கிறார். அமைச்சருக்குப் பக்கத்தில் ஹெர்மினே. கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள். உதடுகளை இறுக்கி மூடியிருக்கிறாள். கோபமாக இருக்கலாம். வாயில் சூப் இருப்பது போலவும் இருக்கிறது.

அவளை என்னைவிட அவருக்குத் தெரியும். இவ்வளவு நேரம் விளக்குக்கு நேரே நின்று மறைத்துவிட்டேன், மன்னியுங்கள். தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நிற்கிறேன். என் காது மட்டும் தெரியும்.

[இங்கே போகோர்னி பேசுவார்.]