பாலத்துக்கு எந்தப் பக்கம்

ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. பதிவு அலுவலகத்தின் வெளியே நின்ற வரிசை, வெயிலுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிப் போயிருந்தது. அவள் நாத்தனாருக்குப் பின்னால் நின்றாள். காகித ஆலையின் கிடங்கில் தினக்கூலிக்குக் கிழிந்த சாக்குகளைத் தைக்கிற வேலை அவளுக்கு. சணலை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நாத்தனார் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறவள். காலை ஷிப்டை முடித்த கையோடு வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள ஃபேன் ஓடுது அண்ணி. ஆளு இருக்காரு. நம்ம மூஞ்சியப் பாக்கத்தான் பிடிக்கல" என்றாள் நாத்தனார்.

ஜன்னல் திறந்தது. எழுத்தருக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி போலும். வாயின் மறு பாதியால் பேசினார்.

"நீங்களா? அன்னைக்கே சொன்னேனேம்மா."

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க சார். ஆலையில இறப்புச் சான்று கேக்குறாங்க. அது இல்லாம அவரு வேலைய எனக்குத் தர முடியாதாம். ஆலை குடுத்த வீட்டையும் காலி பண்ணணுமாம்."

அவள் கணவர் ஆலையில் பாய்லர்க்காரர். உலைக்கு முன்னால் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே ஓர் ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை விட்டு இறக்காமலே பார்த்துவிட்டு, கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இங்கே சாகவில்லை, அதனால் நாங்கள் பதிய முடியாது என்றார்கள். சின்ன ஆஸ்பத்திரியிலோ, இங்கிருந்து உயிரோடுதான் போனார் என்றார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆறு. ஆற்றுப் பாலத்தோடு இந்த அலுவலகத்தின் எல்லை முடிந்துவிடுகிறது.

"பாலத்துக்கு இந்தப் பக்கம்னா நான் பதியலாம். அந்தப் பக்கம்னா அவங்க பதியணும். எந்தப் பக்கம்னு தெரியாம நான் எப்படிம்மா எழுதுறது?"

"சாகுறவங்க எல்லைக்கல்லப் பாத்துட்டா சார் சாவாங்க?" என்றாள் நாத்தனார்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டியில கூட யாரு இருந்தது?"

"நான்தான்" என்றாள் அவள்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். அன்றைக்கு அவர் முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வழி நெடுகப் பேசிக்கொண்டே போனாள். கண்ணை மூடவிடக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழாய் ஒழுகுகிறது என்றாள். மகள் பள்ளிவிட்டு வந்தால் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, கவலைப்படாதீங்க என்றாள். பாலத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியபோது, "மெதுவாப் போகச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகும் அவள் பேசினாள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவர் எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தினார் என்று அவளுக்குத் தெரியாது.

"பாலத்துல குலுக்குனப்ப பேசினாரு சார்."

"பாலத்துல ஏறும்போதா, இறங்கும்போதா?"

"இந்தப் பக்கம்னு சொல்லித் தொலைங்களேன் அண்ணி" என்று நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"இறங்கும்போது" என்றாள் அவள்.

"அப்ப அக்கரை ஆபீஸ்தான்." பாரம் இறங்கியவர் போல எழுத்தர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

அக்கரை அலுவலகத்தில் ஓர் அதிகாரி உட்காரச் சொல்லியே கேட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார். பிறகு, "சொந்தக்காரங்க சொல்றத மட்டும் வச்சு எழுத முடியாதும்மா. இந்த இடத்துல உயிர் போச்சுன்னு ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

வெளியே வந்ததும் நாத்தனார், "பாத்தீங்களா, மனுஷன்! ஒரு வரிதானே, வாங்கிடலாம்" என்றாள். பணிமனையில் இருந்தவர்களை விசாரித்து, ஆம்புலன்ஸ்கள் நிற்கிற கொட்டகையை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

டிரைவர் வண்டியின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"பாய்லர்க்காரர் வீடுதானே?"

சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். வண்டிப் படியில் உட்கார்ந்து, ஈரக் கையைப் பேண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டியில உயிர் போச்சுன்னு நான் எழுதினா, வண்டியில என்ன இருந்துச்சு, என்ன இல்லன்னு கேள்வி வரும்மா."

"என்ன இல்ல?" என்றாள் நாத்தனார்.

அவர் உள்ளே சாய்த்துக் கட்டியிருந்த சிலிண்டரைப் பார்த்தார். "அதுல காத்து இல்ல. மாத்துங்க மாத்துங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். யாரும் காதுல போட்டுக்கல. இப்பக் கேள்வி வந்தா என் தலையிலதான் விடியும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"மூஞ்சியில மாட்டி விட்டீங்களே?" என்றாள் அவள்.

"ஒண்ணும் மாட்டாம அனுப்பினா நீங்க பயந்துடுவீங்கன்னு ஆஸ்பத்திரியில மாட்டினாங்க."

"அடப்பாவி! எங்கண்ணன் வெறும் ரப்பரையாடா மூஞ்சியில வச்சிக்கிட்டுப் போனான்?" நாத்தனார் காலால் எத்திய வாளி உருண்டுபோய்ச் சக்கரத்தில் முட்டியது. மற்ற டிரைவர்கள் எழுந்து வந்தார்கள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. திட்டினால் திட்டட்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அவள் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாடி, போலாம்."

சாலைக்கு வந்த பிறகும் நாத்தனாருக்கு மூச்சிரைத்தது. "ஏன் அண்ணி இழுத்துட்டு வந்தீங்க? இன்னும் நாலு வார்த்தை நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டிருப்பேன்."

அவள் நடந்துகொண்டே ஆள்காட்டி விரலின் பள்ளத்தைத் தடவினாள்.

"அது கழண்டு கழண்டு விழுந்துச்சு" என்றாள். "வேணாம் வேணாம்னு அவரு தலைய ஆட்டினாரு. நான்தான் விடாம அழுத்திப் புடிச்சிருந்தேன்."

நாத்தனார் நின்றுவிட்டாள். பிறகு வந்து அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆலையிலிருந்து வீட்டுக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். பள்ளிவிட்டு வந்த மகள்தான் அதைப் படித்துக் காட்டினாள். பாய்லர்க்காரர் முன் அனுமதி பெறாமல் தொடர்ந்து வேலைக்கு வரவில்லை. விசாரணைக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். வரத் தவறினால் தாமாகவே வேலையை விட்டுச் சென்றவராகக் கருதப்படுவார். அப்படி விட்டுச் சென்றவர்களின் குடும்பத்துக்கு ஆலையில் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

விசாரணை அன்று அவளும் நாத்தனாரும் ஆலை அலுவலகத்தின் நீண்ட அறையில் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மேஜைக்குப் பின்னால் மேலாளர் இருந்தார். பக்கத்தில், வருகைப் பதிவேடு எழுதுகிற டைம் ஆபீஸ்காரர். அடக்கத்தன்று இவர்தான் குழிக்குள் இறங்கித் தலைமாட்டைத் தாங்கிப் பிடித்து உடலை இறக்கினார். மேலே ஏறி வந்து விம்மி விம்மி அழுதார். இன்று அவள் பக்கம் திரும்பவில்லை. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பியூன் வாசலுக்குப் போய், வராந்தா முழுக்கக் கேட்கும்படி பாய்லர்க்காரரின் வேலை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"நான் அவரு சம்சாரம்யா. அவரு செத்துட்டாரு."

"அது எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் மேலாளர், கொஞ்சம் வருத்தத்தோடே. "ரெக்கார்டுல இல்லையே. நீங்க உக்காருங்க. ஆளு வரணும்."

"எங்கேருந்துய்யா வரணும்?" என்றாள் நாத்தனார். அவள் குரல் வழக்கம்போல ஓங்கி வரவில்லை.

பியூன் மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். விதிப்படி அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று மேலாளர் சொன்னார். கதவைச் சாத்தப்போன பியூனிடம், "திறந்தே இருக்கட்டும்" என்றார்.

ஆலையின் இரைச்சல் உள்ளே வந்தது. மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். டைம் ஆபீஸ்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

வராந்தாவில் யாரோ நடந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.