பெட்டியில் இடம் போதவில்லை

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. தைவானின் துறைமுக ஊரான கீலுங்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் சுவர்கள் பெயருக்குத்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் பூண்டு வதக்கினால் எனக்குப் பசியெடுக்கும். அந்த வீட்டில் சாயங்காலம் தவறாமல் ஓர் ஆண் பாடுவார். துறைமுகத்தைப் பற்றிய பழைய பாட்டு. சுருதியோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. கடைசி அடிக்கு முன்னால் சட்டென்று நிறுத்தி, "லுவான், சாதம் ஆச்சா?" என்பார். "ஆச்சு, வாங்க," என்று ஒரு பெண்குரல் பதில் சொல்லும். அப்புறம் மேசையில் ஒரு கிண்ணம் வைக்கிற சத்தம். ஒரே ஒரு கிண்ணம்.

அந்த மனிதரின் இறுதிச் சடங்குக்கு நான் எப்போதோ போய்வந்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் போய்க் கேட்க எனக்குத் துணிச்சலில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

'ஷியூலுவான் ரிமோட்டைக் கையில் எடுத்தபோது வெளியே மழை—'

[வேண்டாம். கீலுங்கில் மழை எப்போது பெய்யவில்லை? இதை வைத்துக் கதை தொடங்குவது சோம்பேறித்தனம்.]

'ஒரு மனிதன் போன பிறகு அவன் நிறுவிய செயலிகள் யாருக்காகக் காத்திருக்—'

[கட்டுரை வாடை. என் மூக்குக்கே எட்டுகிறது.]

நேராகச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியோடு இணைக்கும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதில் புதிதாக ஒரு செயலி போட வேண்டும். போட இடமில்லை. கதை இவ்வளவுதான்.

3

பெட்டியை வாங்கியவர் ஷியூலுவானின் கணவர் சின்ஃபா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஆயுள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்ததாலோ என்னவோ, ஓய்வு பெற்றதும் உலகத்தையே வரவேற்பறைக்கு இறக்கிவிடத் துடித்தார். கண்ணில் பட்ட செயலியையெல்லாம் நிறுவினார். கடல் அலை நேரம், பேஸ்பால், சீட்டாட்டம், மீன் சமையல். எல்லாவற்றுக்கும் மேலே பாடுகிற செயலி. கையில் ஒலிவாங்கி, காலில் ரப்பர் செருப்பு, பாதிப் பாட்டில் சமையலறையைப் பார்த்து ஒரு குரல். ஒருநாள் பதிவு ஓடுவதை மறந்து சாதத்தைக் கேட்டுவிட்டார். அதுவும் பதிவாகிவிட்டது. "அழிச்சுட்டு ஒழுங்கா பாடுங்க," என்று அவள் சொன்னாள். "நாளைக்கு," என்றார்.

பெட்டி திணறும்போதெல்லாம் அதன் தலையில் பச்சைப் பொட்டலத்தை வைப்பார். தேங்காய் வாசனையடிக்கும் சோளப்பொரி. எங்கள் ஊர் நம்பிக்கைப்படி, சொன்ன பேச்சைக் கேட்க வேண்டிய எந்த இயந்திரத்தின் மேலும் அது உட்கார்ந்திருக்கும், ஆஸ்பத்திரியில்கூட. பச்சைதான் வேண்டும். பிரித்துத் தின்னக் கூடாது. தேதி தாண்டவே கூடாது. தாண்டினால் இயந்திரம் முறுக்கிக்கொள்ளும்.

4

மகள் பெய்ரோங் வான்கூவரில் இருக்கிறாள். அவள் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைகிற விருந்து. அங்கே ராத்திரி, இங்கே காலை. ஷியூலுவானுக்குப் பார்வை மங்கல். போன் திரையில் பேத்தி ஒரு வெளிறிய புள்ளியாகத்தான் தெரிகிறாள். அதனால் பெரிய திரையில் பேசலாமென்று மகள் ஒரு கேமராவை வாங்கி அனுப்பியிருந்தாள். செயலியை நிறுவ வேண்டியதுதான் பாக்கி. அந்த விருந்துக்கு வழக்கமான, சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, ஷியூலுவான் கீழே மீன் உருண்டை சூப் விற்கும் பீஹுவாவைக் கூப்பிட்டாள்.

(பீஹுவாவை நான் முதலில் ஆணாக எழுதினேன். அவன் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். கொட்டாவி வந்தது. மாற்றிவிட்டேன்.)

"இடம் போதலைன்னு சொல்லுதுக்கா. எதையாவது தூக்கணுமாம்," என்றாள் பீஹுவா. பிறகு பெட்டியின் தலையைப் பார்த்தாள். "அடிப்பாவி! இந்தப் பொட்டலம் தேதி தாண்டி எத்தனை காலமாச்சு! அப்புறம் இது எப்படிப் பேச்சு கேக்கும்? ஏன்க்கா மாத்தல?"

"அவரு வச்சது."

பீஹுவா இறங்கிப் போய்ப் புதுப் பொட்டலம் வாங்கி வந்தாள். பழையதை ஷியூலுவான் மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியை அணைத்துப் போட்டார்கள். இருவரும் நம்பினார்கள். எழுதிக்கொண்டிருந்த நானும் நம்பினேன், வெட்கமென்ன.

இடம் போதவில்லை.

"சரி, தூக்கிருவோம். அலை நேரம்?"

"ம்."

"பேஸ்பால்?"

"அவரு ஆளுங்க எப்பவும் தோத்துட்டேதான் இருந்தாங்க. எடு."

சீட்டாட்டம் போனது. மீன் சமையலும் போனது. ஒவ்வொன்றுக்கும் 'உறுதியா?' என்று பெட்டி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஷியூலுவான் தலையாட்டினாள். இடம் அப்போதும் போதவில்லை.

"இந்தப் பாட்டுதான் முக்கால்வாசியை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இந்த வீட்டுல யாருக்கா பாடுறா? நீ வாயைத் திறந்தா துறைமுகத்துல கப்பலே திரும்பிப் போயிரும்."

"அதை விடு."

"பேத்தி மூஞ்சி வேணுமா, பாட்டு வேணுமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

ஷியூலுவான் ரிமோட்டை வாங்கி, பார்க்காமலே விரலால் தேடி, அந்தப் பதிவை ஓடவிட்டாள்.

5

சின்ஃபா பாடினார். பீஹுவா முதலில் சிரித்தாள், அந்தக் குரலுக்கு யார்தான் சிரிக்கமாட்டார்கள். பிறகு பாட்டு நின்றது.

"லுவான், சாதம் ஆச்சா?"

"ஆச்சு, வாங்க," என்றாள் ஷியூலுவான். பக்கத்தில் ஆள் இருப்பது அவளுக்கு மறந்துவிட்டது.

பீஹுவா முன்றானைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

[முன்றானையா? அவள் மேல் கட்டியிருப்பது சூப்புக் கடைத் துணி. பழக்கதோஷம். அடிக்காமல் விடுகிறேன்.]

"போன்ல பிடிச்சு வச்சுக்கலாமேக்கா," என்றாள் மெதுவாக.

"பிடிச்சேன். எத்தனையோ தடவை பிடிச்சுப் பாத்துட்டேன். அவரு கேட்டதும் என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. என் பதிலும் சேந்து பதிவாயிடுது. அப்புறம் அதைப் போட்டா, அவரும் கேட்டுடுறாரு, நானும் சொல்லிடுறேன். எனக்குச் சொல்ல என்ன மிச்சம்?"

"நான் பிடிச்சுத் தரேன். நீ வெளிய நில்லு."

"அவரு கூப்பிடுறப்ப நான் வெளிய போய் நிக்கவா?"

(புதுப் பெட்டி வாங்கினால் தீர்ந்தது என்கிறீர்கள். உங்கள் யோசனை எனக்கும் வந்தது. கடைக்குப் போய்வருவதற்குள் வான்கூவரில் குழந்தை தூங்கிவிடும். மாதம் நிறைவது ஒருமுறைதான்.)

போன் அடித்தது. பெய்ரோங். பின்னால் தட்டுகளின் சத்தம், யார்யாரோ சிரிப்பது.

"அம்மா, எல்லாரும் வந்தாச்சு. பாப்பா முழிச்சுக்கிட்டிருக்கா. டிவியைப் போடுங்கம்மா, முதல்ல நீங்கதான் பாக்கணும்."

"இதோ," என்றாள் ஷியூலுவான்.

திரையில்: 'இந்தச் செயலியை நீக்கவா? இதிலுள்ள பதிவுகளும் அழியும்.' கீழே இரண்டு பொத்தான்கள். எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் எது என்று அவள் கேட்கவில்லை. பீஹுவாவும் சொல்லவில்லை. கட்டைவிரல் ரிமோட்டின் மேல்

6

இங்கே நிறுத்திவிட்டேன். காரணம் இருக்கிறது.

குழந்தையின் முகம் என்னிடம் தயாராக இருக்கிறது. ஒரு நல்ல பத்தி, என் மேசை இழுப்பறையில். பெரிய திரை நிறைய அந்தச் சின்ன முகம் வருவதும், ஷியூலுவான் எழுந்து கிட்டே போய் நிற்பதும், புருவத்தைப் பார்த்து அவள் சொல்லும் ஒரு வார்த்தையும் அதில் இருக்கின்றன. எழுதும்போது நான் அழுதேன். ஆனால் பத்திரிகையில் எனக்குக் கொடுத்த பக்கம் முடிந்துவிட்டது. ஆசிரியரைக் கேட்டேன். "எதையாவது எடுத்துட்டுப் போடுங்க," என்றார் அவர்.

எடுப்பதற்கு ஏற்ற அளவில் இருப்பது மூன்றாம் பகுதி ஒன்றுதான். பாரந்தூக்கி, ரப்பர் செருப்பு, 'நாளைக்கு' என்று அவர் சொன்னது. எல்லாம் அதற்குள்தான். பேனாவை எடுத்தேன், வைத்தேன். முன்பின் பேசியிராத மனிதர்; எனக்கே கை வரவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். பென்சில் இருந்தால் மூன்றாம் பகுதியை அடித்துவிடுங்கள். அந்த இடத்துக்குக் குழந்தை வந்துவிடும், நான் அனுப்பிவைக்கிறேன். அடிக்க மனமில்லை என்றால் பக்கத்தைத் திருப்புங்கள். வான்கூவரில் அவர்கள் இன்னும் கொஞ்சநேரம் காத்திருப்பார்கள்.

இப்போது சாயங்காலம். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் எதுவும் கேட்கவில்லை. சாதம் வெந்துவிட்டது, வாசனை வருகிறது.