எட்டு காட்டிய கை

சீன மொழியில் கைக்கு ‘ஷோ’ என்று பெயர். கையசைத்து விடைகொடுத்தால் ஹுய் ஷோ. கைகுலுக்கினால் வோ ஷோ. கையைத் தூக்கினால் ஜ்யூ ஷோ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்குச் சொல்வேன். என்ன பிரயோசனம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நாங்கள் செருப்புக்கு அடிப்பாகம் வார்க்கிறவர்கள். தொழிற்சாலையில் எனக்குப் பட்டப்பெயர் சீனப் பண்டிதர். கைபேசியில் பாடம் கேட்டு இருநூறு சொல் கற்றிருந்தேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அடிப்பாகம் வார்க்கும் அச்சை அழுத்தி மூடுகிற புது பிரஸ்களோடு சீனாவிலிருந்து வந்த பொறியாளருக்கும் எங்களுக்கும் நடுவில் நான்தான் வாய். வெந்நீர் ஃப்ளாஸ்க் இல்லாமல் ஓர் அடி வைக்க மாட்டார் என்பதால் அவர் எங்களுக்கு ஃப்ளாஸ்க்காரர்.

பாடத்தில் ஐந்தாவது பகுதி, கைச் சைகைகள். அதை மட்டும் நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். கையை ஆட்டுவதற்குக்கூடவா பாடம் என்று சிரித்தேன். அவ்வளவு திமிர்.

பழைய பிரஸ், மிதியை மிதித்தால்தான் மூடும். புதியது தானாகத் திறந்து, நாம் போட்ட நேரம் காத்திருந்து, தானாக மூடிக்கொள்ளும். முதல் நாள் அதில் நின்றவர் என் மச்சான், அக்காவின் புருஷன். இரைச்சலில் அந்தக் கோடியிலிருந்து ஃப்ளாஸ்க்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டிக் காட்டினார். நானும் அதே விரல்களைத் திருப்பிக் காட்டினேன். அவர் தலையசைத்தார்.

“ரெண்டு செகண்டு போடுங்க, மச்சான்.”

போட்டார். அச்சு திறந்தது. கையை உள்ளே விட்டார்.

சீனர்கள் அந்த இரண்டு விரலை நீட்டினால் எட்டு. இதை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, தாண்டிப் போன பாடத்தைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். மச்சானின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பயமாக இருந்தது, சொல்லவில்லை. மறுநாள் இன்னும் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் மச்சானே என் வாயை அடைத்துவிட்டார்.

“அந்த மிஷினுக்கு எட்டு செகண்டு போடணுமாமே. நீ எட்டுன்னுதான் சொல்லியிருப்ப, மாப்ள. அந்தச் சத்தத்துல என் காதுலதான் ரெண்டுன்னு விழுந்திருக்கு.”

நான் அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து விசாரணை. தவறு மச்சானுடையது என்று முடிவானால் வேலை போய்விடும். இல்லையென்றால் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அக்கா காலையில் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

“அந்தச் சீனாக்காரர் பேசறது உனக்குத்தானேடா புரியும். நீ பக்கத்துல இருக்கிறதுதான் எனக்குத் தைரியம்.”

மேலாளர் அறையில் மச்சானையும் என்னையும் சேர்த்து நாலு பேர். ஃப்ளாஸ்க்காரர் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்றே ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். ‘நான் காட்டியது எட்டு. தவறு யாருடையதோ அவர் கையைத் தூக்கட்டும். அதுவரை அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன்.’ சொல்லிவிட்டு எப்படி என்று காட்டுவதுபோல் தன் கையையே தூக்கிப் பிடித்தார். ஜ்யூ ஷோ.

“என்னய்யா சொல்றாரு?” என்றார் மேலாளர்.

“எட்டுன்னுதான் காட்டினாராம். அறிக்கையில அப்பறமா கையெழுத்துப் போடறாராம்.”

பாதியை முழுங்கிவிட்டேன். என் இரண்டு கைகளும் தொடைக்கடியில் இருந்தன. ஃப்ளாஸ்க்காரர் தூக்கிய கையோடு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். மனுஷனுக்குப் பொறுமை அதிகம். ஒருவரும் அசையாததால் மெல்லக் கையை இறக்கிக்கொண்டார். மேலாளர் எங்களைப் போகச் சொன்னார்.

வாசல் கேட்டருகே மச்சான் நின்றார்.

“கடைசியா அவர் கையைத் தூக்கினாரே மாப்ள, அதுக்கு என்ன அர்த்தம்?”

அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

“போயிட்டு வாங்கன்னு அர்த்தம், மச்சான்.”

“அடடா. நான் பாட்டுக்கு மரமாட்டம் உக்காந்திருந்தேனே.”

மேலாளர் அறை ஜன்னலில் ஃப்ளாஸ்க்காரர் எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தார். மச்சான் திரும்பி, கட்டுப்போட்ட வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். ஆட்டினால் வலிக்குமென்று ஆட்டவில்லை. நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகச் சிரித்தார்.

ஃப்ளாஸ்க்காரர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு ஒருமுறை தலையசைத்துவிட்டு, மேசைப் பக்கம் திரும்பிக் குனிந்து பேனாவை எடுத்தார்.

அறைக்கு ஓட இருபது அடிதான் இருக்கும். நான் மச்சானின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“நல்ல மனுஷன், இல்ல?” என்றார் மச்சான்.

“ஆமா மச்சான்,” என்றேன்.