மூன்றாவது மிதி

நான் இரட்டைப் பிள்ளை பெற்றவள். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அதற்குத் தனி மரியாதை; இரட்டை பெற்றவள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பார்கள். இடுப்புச் சுளுக்கு என்று எவன் வந்தாலும் குப்புறப் படுக்கவைத்து இடது காலால் மூன்று மிதி மிதிப்பேன். எழுந்து போய்விடுவான். அந்தத் திமிர்தான் என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

என் வீட்டுக்காரர் சங்கையா பேக்டரியில் தேயிலைப் பெட்டி தூக்குகிறவர். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் ஒரு பெட்டியோடு சறுக்கி விழுந்தார். இடுப்பு வலி காலில் இறங்கியது. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அமிர்தநாதன் பார்த்தார். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை நெருக்குகிறதாம்.

"கத்தி வேண்டாம், முதுகுல ஒரு ஊசி போட்டுப் பாப்போம். திங்கக்கிழமை வாங்க. அதுவரை இடுப்புல யாரும் கை வைக்கக் கூடாது."

கைதானே வைக்கக் கூடாது? ஞாயிறு மதியம் நான் காலை வைத்தேன். மூன்றாவது மிதியில் மனுஷன் அலறிவிட்டார். அதற்குப் பிறகு இடது பாதம் மரத்துப்போனது. ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. மறுநாள் காலையில் அரை மணி நேரம் நின்று பார்த்தார். நான்தான் தாங்கிப் பிடித்திருந்தேன்.

"மிதிச்சதை டாக்டர்ட்ட சொல்லிராதீங்க, என்னைக் கிழிச்சிருவாரு" என்று ஜீப்பில் கெஞ்சினேன்.

"சரிளா, சொல்லலை" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மதலேனம்மாள் அவர் முதுகில் ஸ்பிரிட் தடவினாள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?"

"போகுது டாக்டர்."

பாவி மனுஷன்! எனக்காகப் பொய் சொல்கிறார். ஊசி முனை தோலுக்கு அருகே போய்விட்டது.

"நிறுத்துங்கய்யா! நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணுக்கே போகலை. நான்தான் மிதிச்சேன்!"

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இவர் தொடை இடுக்கில் குண்டூசியால் குத்திப் பார்த்தார். இவருக்கு எதுவும் தெரியவில்லை.

"இனி ஊசி உதவாது. இப்பவே சின்னதாக் கீறி, பிதுங்கினதை எடுக்கணும். தள்ளிப்போட்டா ஒண்ணுக்குப் போக ஆயுசுக்கும் டியூபுதான். எடுத்தாலும் எல்லாம் திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கைநாட்டு வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மூத்திர டியூபை உருவினார்கள். மதலேனம்மாள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரைக்கு அந்தப்புறம் போனாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் காணோம்.

"அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால கத்தி என் மானத்தை வாங்கிட்டியே ஏளா" என்றார்.

"மானம் கெடக்கு. நீங்க போங்க."

பாத்திரத்தில் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

இடது பாதத்துக்கு மட்டும் உணர்வு திரும்பவில்லை. இன்றும் எவளாவது சுளுக்கு என்று என் வாசலில் வந்து நிற்கிறாள். நான் யாரையும் மிதிப்பதில்லை. அவர்தான் எழுந்து, காலை இழுத்து இழுத்து நாலடி நடந்து காட்டுகிறார்.