அடக்கமான பிள்ளை

ஆனந்தராசா ஒரேயொரு ஜெர்மன் சொல்லைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நான்கு வருடம் கொலோன் நகரத்தில் திரிந்தார். அந்தச் சொல் 'ரூஹிக்'.

மகள் சாண்ட்ரா முதலாம் வகுப்பில் சேர்ந்த வருடம், பெற்றோர் சந்திப்புக்கு அவர்தான் போனார். மனைவி நேசமலருக்கு அந்த நேரத்தில் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கைத் துப்புரவாக்கும் வேலை. இவருக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை, மூன்று மணிக்கே முடிந்துவிடும். வகுப்பாசிரியை பிறவ் பெக்கர் குழந்தைகளின் சின்னக் கதிரையில் முழங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, "சாண்ட்ரா மிகவும் ரூஹிக்" என்றார்.

அந்தச் சொல்லை ஆனந்தராசா முதியோர் இல்லத்தில்தான் படித்திருந்தார். அங்கே எட்டாம் அறைக்காரர் ரூஹிக் என்றால், அவர் சூப்பை எடுத்து எறியமாட்டார் என்று அர்த்தம். பதினொன்றாம் அறைக்காரி இன்றைக்கு ரூஹிக் என்றால், சாப்பாட்டுத் தட்டோடு தைரியமாக உள்ளே போகலாம். அதைவிட நல்ல சொல் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆகவே அவர் எழுந்து நின்று, "டாங்க ஷேன்" என்று தலை குனிந்து நன்றி சொன்னார். பிறவ் பெக்கர் ஏதோ மேலும் சொல்ல வாயெடுத்து, இந்த மனிதனின் சந்தோசத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"என்னவாம் ரீச்சர்?" என்று வீட்டில் நேசமலர் கேட்டாள்.

"சரியான அடக்கமான பிள்ளையாம்."

இரண்டாம் வருடமும் அதே சொல். மூன்றாம் வருடம் ஆசிரியை 'சூ ரூஹிக்' என்றார். 'சூ' என்றால் அளவுக்கு மேல் என்று ஆனந்தராசாவுக்குத் தெரியும். அளவுக்கு மேலே அடக்கம் என்றால் இன்னும் விசேசம்தானே. நான்காம் வருடம் அவர் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய் ஆசிரியையின் மேசையில் வைத்தார். பிறவ் பெக்கர் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு பணிவு என்று இவர் நினைத்தார். சில மனிதர்களை என்ன செய்வது?

நான்காம் வகுப்பின் நடுவில் கடிதம் வந்தது. அந்த வீட்டில் ஜெர்மன் கடிதங்களை வாசிப்பது சாண்ட்ராதான். மின்சாரக் கடிதம், வேலைக் கடிதம், விசா அலுவலகத்துக் கடிதம் எல்லாவற்றையும் அவள் சாப்பாட்டு மேசையருகில் நின்றபடி உரத்து வாசித்துத் தமிழில் சொல்லுவாள். இதையும் அப்படியே சொன்னாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

"சாண்ட்ரா எழுத்தில நல்லாச் செய்யிறா. ஆனா வகுப்பில கதைக்கிறேல்லை. கை உயர்த்திறேல்லை. வாய்மொழிக்கு அஞ்சு. அதால அவவுக்கு கிம்னாசியம் சரிவராது. றெயால்சூல நல்லது."

இந்த நாட்டில் ஒன்று என்பதுதான் முதல்தரப் புள்ளி. ஐந்து என்றால் பெயில். கிம்னாசியத்துக்குப் போனால் நேரே பல்கலைக்கழகம். றெயால்சூலவுக்குப் போனால் பத்தாம் வகுப்போடு ஒரு தொழில் பழக அனுப்பிவிடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை தன்னுடைய தீர்ப்பைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்து உறையில் போட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம்கூட வெளியே கேட்கவில்லை. அதிலும் அடக்கம்.

நேசமலர் கணவனைப் பார்த்தாள். "நாலு வருசமா அடக்கம், அடக்கம் எண்டு வந்து சொன்னியள். மாதா கோயிலில அடக்கம் எண்டு ஆருக்குச் சொல்லுறது? செத்த ஆக்களுக்குத்தான். என்ரை பிள்ளை உயிரோட இருக்கிறாள்."

ஆனந்தராசா அந்த உறையை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். அடுத்த கிழமை இரண்டு அரசாங்கக் கிம்னாசியங்களுக்கு ஏறி இறங்கினார். இரண்டிலும் கடிதத்தைப் பார்த்து, மிக மரியாதையாக, றெயால்சூலவும் நல்ல பாடசாலைதான் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது பற்றிமா அக்காதான் வழி சொன்னார். அவருடைய மூத்தவள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தனியார் கிம்னாசியத்தில் படிக்கிறாள்.

"அங்க ரீச்சரின்ரை கடிதத்தை மட்டும் பாக்கமாட்டினம், தம்பி. இருவது நிமிசம் ரேமின் தந்து, பிள்ளையோட கதைச்சுப் பாப்பினம். அது என்ன நினைக்குது எண்டு தெரியவேணும் அவைக்கு. ஒண்டு சொல்லுறன், நீங்கள் உள்ளுக்க போய் வாயைத் திறந்திடாதைங்கோ."

"நான் ஏனக்கா திறக்கிறன்," என்றார் ஆனந்தராசா.

பெப்ரவரியில் அந்தச் சந்திப்புக்கான ரேமின் கிடைத்தது. அன்றைக்கு நேசமலருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தக் கதை வேறு விதமாகப் போயிருக்கும். காலையில் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே, "சிஸ்ரரின்ரை கண்ணைப் பாத்துக் கதைக்கவேணும், என்ன?" என்று மூன்று தரம் சொன்னாள்.

பாடசாலை வாசலில் ஆனந்தராசா மகளின் கோட்டுக் கொலரை நேராக்கினார். "பிள்ளை, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி..." என்று பழக்கதோசத்தில் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிபர் சிஸ்ரர் இர்ம்கார்டுக்கு அறுபது வயதிருக்கும். சாம்பல் முக்காடு, காலில் ஆண்களின் சப்பாத்து போல ஒன்று. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சாண்ட்ராவிடம் ஜெர்மனில் என்ன புத்தகம் வாசிக்கிறாய் என்று கேட்டார்.

"குதிரைப் புத்தகம்."

"குதிரை பிடிக்குமா?"

"ஆம்."

"ஏன்?"

சாண்ட்ரா தோளைக் கொஞ்சம் உயர்த்தி இறக்கினாள். சிஸ்ரர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தொழில் போலிருந்தது. பிறகு கடிதத்தைத் தொட்டுக் காட்டினார். "வகுப்பில் நீ பேசுவதே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் அப்படி?"

பிள்ளை தன் மடியைப் பார்த்தது. ஒரு நிமிடம் போனது. நான்கு வருடப் படிப்பும் பல்கலைக்கழகமும் அந்த அமைதிக்குள் போய்க்கொண்டிருப்பதை ஆனந்தராசா கண்ணால் கண்டார். பற்றிமா அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. வந்தும் வாயைத் திறந்தார்.

"சிஸ்ரர், இவள் வீட்டில் நிறையக் கதைப்பாள்," என்றார் தன்னுடைய சமையலறை ஜெர்மனில். "நான் எப்போதும் சொல்வேன், வகுப்பில் பேசு, கை உயர்த்து என்று. இவளுக்குத்தான் கூச்சம்."

முழுப் பொய். பெற்றவன் தன் மானத்தைக் காப்பாற்ற, பழியைத் தூக்கிப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டான். அந்த நேரத்தில் அவருக்கு அது பொய்யாகக்கூடப் படவில்லை, உதவி என்றுதான் நினைத்தார்.

"அப்படியா, சாண்ட்ரா?" என்றார் சிஸ்ரர்.

சாண்ட்ரா நிமிர்ந்தாள். முதலில் தகப்பனைப் பார்த்தாள். பிறகு சிஸ்ரரின் கண்ணைப் பார்த்தாள்.

"இல்லை. அது சரியில்லை."

குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "அப்பா முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் சொன்னார், ரீச்சர் கேட்டால் மட்டும் பேசு, கேட்காமல் வாய் திறக்காதே என்று. பிறவ் பெக்கர் என்னைக் கேட்பதில்லை. கை உயர்த்துகிறவர்களைத்தான் கேட்பார். கை உயர்த்துவது என்றால் என்னைக் கேளுங்கள் என்று நானே சொல்வது. அது கேட்காமல் பேசுகிற மாதிரித்தானே. அதனால் நான் உயர்த்தவில்லை. எனக்கு விடை தெரியும். எல்லாரும் பிழையாகச் சொல்லும்போது நான் உயர்த்துவேன். மேசைக்குக் கீழே."

"மேசைக்குக் கீழேயா?"

"இப்படி," என்று சாண்ட்ரா மடியிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள்.

ஆனந்தராசாவின் காது இரண்டும் சுட்டன. அவருடைய பரம்பரையிலேயே ஒரு பிள்ளை பிறத்தியாருக்கு முன்னால் தகப்பனைப் பார்த்து, அது சரியில்லை என்று சொன்னதில்லை. 'பொய் சொல்லாதை' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

சிஸ்ரர் அவர் பக்கம் திரும்பினார். "திரு ஆனந்தராசா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் மானம் தப்பிவிடும். பிள்ளை பொய்க்காரி ஆகிவிடுவாள். ஆம் என்றால் ஒரு கன்னியாஸ்திரியின் முன்னால் பொய் சொல்லி அகப்பட்டவன் அவர். ஆனந்தராசா மகளின் மடியைப் பார்த்தார். அந்த விரல் இன்னும் மடங்கவில்லை. நான்கு வருடமாக, ஒருவரும் காணாமல், இந்தப் பிள்ளை விடைகளோடு காத்திருந்திருக்கிறது. தான் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

"ஓம்," என்றார். பிறகுதான் தமிழில் சொன்னது தெரிந்து, "யா" என்றார். "மகள் சொல்வது சரி. நான்தான் அப்படிச் சொன்னேன். இப்போது சொன்னது பொய். ரூஹிக் என்றால் நல்லது என்று நினைத்தேன், சிஸ்ரர். என் வேலையில் அது நல்ல சொல்."

சிஸ்ரர் பேனாவை வைத்தார். "எங்கள் மடத்திலும் அது நல்ல சொல்தான்," என்றார். "வகுப்பறையில் அவ்வளவு நல்லதில்லை." பிறகு சாண்ட்ராவிடம், "குதிரை ஏன் பிடிக்கும் என்று நீ இன்னும் சொல்லவில்லை" என்றார்.

சாண்ட்ரா சொன்னாள். இருபது நிமிட ரேமின் ஐம்பது நிமிடம் போனது. அதற்குள் குதிரையின் பல்லை வைத்து வயது பார்ப்பது எப்படி என்பதை ஆனந்தராசாவும் படித்துக்கொண்டார்.

திரும்பும்போது ட்ராமில் தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இரண்டாவது நிறுத்தத்தில் சாண்ட்ரா அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கோவமோ?"

"ஓம்," என்றார் ஆனந்தராசா. பிள்ளையின் முகம் விழுந்துபோனது. அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்து மூடியது. "உன்னில இல்லை," என்றார். மகளின் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. சாண்ட்ரா வழக்கம்போல மேசையருகில் நின்று வாசித்தாள். ஆனால் இந்தத் தரம் முதல் வரியோடு நிறுத்திவிட்டுக் குசினியைச் சுற்றி ஓடினாள். மிச்சத்தை மொழிபெயர்க்க ஆளில்லாமல் நேசமலரும் ஆனந்தராசாவும் அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

நவம்பரில் புதிய பாடசாலையில் பெற்றோர் சந்திப்பு. வகுப்பாசிரியர் ஒரு இளைஞர், பெருமூச்சோடுதான் தொடங்கினார். சாண்ட்ரா கெட்டிக்காரி, ஆனால் நிறையக் கதைக்கிறாள். தான் சொல்வதை மறுத்துப் பேசுகிறாள். போன கிழமை கரும்பலகையில் தான் எழுதிய ஒரு கணக்கையே பிழை என்றாள்.

"பிழையா?" என்று கேட்டார் ஆனந்தராசா.

"பிழைதான்," என்றார் ஆசிரியர் கொஞ்சம் வெட்கத்தோடு. "இருந்தாலும், நீங்கள் வீட்டில் ஒருமுறை எடுத்துச் சொன்னால் நல்லது."

வீட்டிலும் அதே பாடுதான். இப்போதெல்லாம் கறிக்கு உப்புக் கூட என்பதிலிருந்து அவருடைய ஜெர்மன் இலக்கணம்வரை மகள் திருத்துகிறாள். சில நாட்களில் பொறுக்க ஏலாமல் இருக்கிறது. அதை எதற்கு இந்தப் பெடியனிடம் சொல்ல வேண்டும்? மீன் ரோல்ஸ் பெட்டியை மேசையில் வைத்து, எழுந்து நின்று, தலை குனிந்து, "டாங்க ஷேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே நேசமலர் கேட்டாள். "என்னவாம் ரீச்சர்?"

"வாய் கூடவாம்."

"அது சரியில்லை, அப்பா," என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் கை உயர்த்திப்போட்டுத்தான் கதைக்கிறனான்."

ஆனந்தராசா கையில் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார்.

"எங்க உயர்த்தினனி? மேசைக்கு மேலயோ?"

"மேலதான்."